ஹவாயில் எத்தனை ஹவாயர்கள்?

2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் ஹவாய்ப் பூர்வகுடிகள் எத்தனை பேர் இருந்தார்கள்? 80,337 பேர் என்கிறது அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பின் இன்னொரு அட்டவணையைப் புரட்டினால் 2,89,970 பேர் என்கிறது. ஒரே ஆண்டு, ஒரே மாநிலம், ஒரே துறை. ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல். அச்சுப்பிழை எதுவும் நேரவில்லை. இரண்டுமே சரியான எண்கள்தான்.

ஒரு மாநிலத்து மக்களைப் பற்றி அறிக்கை தயாரிக்கும் யாரும் முதலில் மூன்று பத்திகள் போடுவார்கள்: வயது, பால், இனம். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் ஒரே மாதிரியான தகவல்கள் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. வயதைப் பிறந்த தேதி சொல்லிவிடும். பாலைப் பெரும்பாலும் உடல் சொல்லிவிடும். இனத்தைச் சொல்வது படிவத்தில் அச்சாகியிருக்கும் கேள்வி. கேள்வியை மாற்றினால் விடை மாறும். ஒரே இரவில் ஒரு கூட்டம் பெருகும், இன்னொரு கூட்டம் காணாமல் போகும். இதை ஹவாயைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் உலகில் அதிகம் இல்லை. இன்னொன்றையும் அது காட்டுகிறது. அந்த மூன்று பத்திகளும் தனித்தனியானவை அல்ல. ஒரு காலத்து ஆண்-பெண் கணக்குதான் அடுத்த காலத்து இனக் கணக்கைப் பெற்றெடுக்கிறது.

முதலில் இன்றைய நிலவரம். 2020 கணக்கெடுப்பின்படி ஹவாயின் மக்கள்தொகை 14,55,271. ஆசிய இனத்தவர் மட்டும் என்று சொன்னவர்கள் 37.2 சதவீதம். வெள்ளையர் மட்டும் 22.9. ஹவாய்ப் பூர்வகுடிகளும் பிற பசிபிக் தீவினரும் 10.8. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்களைக் குறித்தவர்கள் 25.3. கறுப்பினத்தவர் 1.6. பாதியைத் தொட்ட இனம் ஒன்றுகூட இல்லை. அங்கே எல்லோரும் சிறுபான்மையினர். நான்கில் ஒருவர் கலப்பினத்தவர் என்பது வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் காணாத விகிதம். இந்த நிலை எப்படி வந்தது என்று கேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

சரிந்த கோபுரம்

1778 ஜனவரியில் கேப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாய்த் தீவுகளை அடைந்தபோது அங்கே எவ்வளவு பேர் வாழ்ந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. மதிப்பீடுகள் இரண்டு லட்சத்திலிருந்து எட்டு லட்சம் வரை போகின்றன. கிறிஸ்தவ மிஷனரிகள் 1831-32இல் எண்ணியபோது சுமார் 1,30,000. ஹவாய் அரசு 1853இல் எண்ணியபோது மொத்தம் 73,138. 1872இல் 56,897. மூன்று தலைமுறைக்குள் ஒரு நாடே கரைந்தது.

காரணம், வெளியிலிருந்து வந்த நோய்கள். ஆயிரக்கணக்கான மைல் கடல் சூழ்ந்த தீவுகளில் தட்டம்மையும் பெரியம்மையும் கக்குவானும் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. எனவே அந்த உடல்களில் அவற்றுக்கு எதிர்ப்பும் இல்லை. 1824இல் லண்டனுக்குச் சென்ற ஹவாய் மன்னர் இரண்டாம் கமேஹமேஹாவும் அரசியும் அங்கே தட்டம்மையில் இறந்தார்கள். 1848-49இல் தட்டம்மை, கக்குவான், சளிக்காய்ச்சல் மூன்றும் அடுத்தடுத்துத் தீவுகளுக்குள் நுழைந்தன. 1853இல் பெரியம்மை.

சாவு மட்டும் ஒரு மக்கள்கூட்டத்தை இந்த அளவுக்குத் தேய்க்காது. கொள்ளைநோய் போன பிறகு பிறப்புகள் கூடி இழப்பை ஈடுகட்டுவது வழக்கம். ஹவாயில் அது நடக்கவில்லை. கப்பல்காரர்கள் கொண்டுவந்த பால்வினை நோய்கள் பல பெண்களைக் குழந்தையற்றவர்களாக்கின. பிறந்த குழந்தைகளும் பிழைப்பது அரிதாக இருந்தது.

மக்கள்தொகை அறிவியலில் இதைப் பார்க்க ஒரு படம் உண்டு: வயதுப் பிரமிடு. நம் கோயில் கோபுரத்தை மனதில் கொண்டால் போதும். ஒவ்வொரு நிலையும் ஐந்து வயது. அடிநிலையில் 0 முதல் 4 வரை, அதற்கு மேல் 5 முதல் 9 வரை, இப்படியே கலசம் வரை முதியவர்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். குழந்தைகள் நிறைந்த சமூகத்தின் கோபுரம் அகன்ற அடியுடன் நிற்கும். அடி குறுகினால் சில பத்தாண்டுகளில் மேல்நிலைகளும் ஒவ்வொன்றாகக் குறுகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஹவாய்ப் பூர்வகுடிகளின் கோபுரம் அடியிலிருந்தே சரிந்தது.

ஆண்கள் மட்டும் வந்த கப்பல்கள்

அதே காலத்தில்தான் சர்க்கரை வந்தது. ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்கச் சந்தைக்குள் போக 1875 ஒப்பந்தம் வழிவிட்டதும் கரும்புத் தோட்டங்கள் காட்டுத்தீயாகப் பரவின. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். தீவிலோ ஆள் குறைந்துகொண்டே போகிறது. முதலாளிகள் கடல் கடந்து ஆள் பிடித்தார்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே, 1852 முதல் சீனர். 1878 முதல் மதேரா, அசோர்ஸ் தீவுகளிலிருந்து போர்த்துகீசியர். 1885 முதல் பெருமளவில் ஜப்பானியர். 1900இல் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், 1903இல் கொரியர், 1906 முதல் பிலிப்பினோக்கள். இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் நம் மூதாதையர் கப்பலேறிய அதே காலம்தான் அது.

இப்போது 1900-ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கா ஹவாயை 1898இல் இணைத்துக்கொண்ட பிறகு நடந்த முதல் அமெரிக்கக் கணக்கெடுப்பு அது. மொத்தம் 1,54,001 பேர். அதில் ஆண்கள் 1,06,369, பெண்கள் 47,632. நூறு பெண்களுக்கு 223 ஆண்கள்! எந்த இயற்கைச் சமூகத்திலும் இப்படி ஒரு விகிதம் வராது. மனிதப் பிறப்பில் நூறு பெண் குழந்தைகளுக்கு 105 அளவில் ஆண் குழந்தைகள் பிறப்பார்கள். ஆண்கள் சற்று முன்னதாகச் சாவதால் வயது ஏற ஏற அந்த வித்தியாசம் கழிந்து, முதுமையில் பெண்கள் முந்துவார்கள். 223 என்ற எண்ணைக் கண்டால், கடல் வழியாக ஆள் வந்திருக்கிறது, அவர்களும் வேலைக்கென்றே பொறுக்கி எடுக்கப்பட்ட ஆட்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அன்றைய கோபுரத்தை வரைந்தால் இடப்பக்கம், இருபது முதல் நாற்பது வயது நிலைகளில் மட்டும் பெரிய புடைப்பு ஒன்று துருத்தி நிற்கும். அடியில் குழந்தைகள் குறைவு. உச்சியில் முதியவர்கள் அதைவிடக் குறைவு.

அந்தப் புடைப்புக்குள் இருந்த மனிதனின் கழுத்தில் ஓர் உலோகத் தகடு தொங்கியது. ‘பாங்கோ’ என்று பெயர். எண் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. தகட்டில் அவன் எண் பொறித்திருக்கும். சம்பளம் வாங்க, தோட்டத்துக் கடையில் கடன் வாங்க, எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். கங்காணிக்கு அங்கே ‘லூனா’ என்று பெயர். அவருக்கும் ஆளின் பெயர் தேவையில்லை, எண் போதும். பல தோட்டங்களில் தகட்டின் வடிவமே இனத்துக்கு இனம் மாறியது. அதாவது தோட்ட அலுவலகம் ஒவ்வொரு சம்பள நாளிலும் ஒரு சிறிய இனக் கணக்கெடுப்பை நடத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கணக்குக்குக் கூலியிலும் ஒரு பயன் இருந்தது. ஒரே வேலைக்குப் போர்த்துகீசியருக்கும் போர்ட்டோ ரிக்கோக்காரருக்கும் மாதம் 22.50 டாலர், ஜப்பானியருக்கு 18 டாலர். இதை எதிர்த்துத்தான் 1909இல் ஒவாஹு தீவில் ஜப்பானியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓர் இனம் வேலையை நிறுத்தினால் இன்னோர் இனத்தை இறக்கலாம் என்பது முதலாளிகளின் கணக்கு. பல நாட்டு ஆட்களைக் கலந்து வைத்ததில் இந்தத் திட்டமும் இருந்தது. 1920இல் ஜப்பானியரும் பிலிப்பினோக்களும் சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது.

மதியச் சாப்பாட்டு நேரம் வேறு கதை சொல்லும். தொழிலாளர்கள் கையில் இரண்டு அடுக்குத் தூக்குச் சட்டி இருக்கும். ‘கௌகௌ டின்’ என்பார்கள். கீழடுக்கில் சோறு, மேலடுக்கில் தொடுகறி. வட்டமாக உட்கார்ந்து மேலடுக்குகளை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வது வழக்கமாயிற்று. முகாம்களில் இனம் இனமாகப் பிரித்துக் குடிவைக்கப்பட்டவர்களின் நாக்கு முதலில் கலந்தது, சுவையிலும் பேச்சிலும். ஹவாயின் இன்றைய பிட்ஜின் மொழி அந்தத் தோட்டங்களில் பிறந்தது.

பால் கணக்கு, இனக் கணக்கை எழுதியது

1900 அட்டவணையில் இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். சீனர்கள் 25,767 பேர். அதில் ஆண்கள் 22,296, பெண்கள் வெறும் 3,471. நூறு சீனப் பெண்களுக்கு 642 சீன ஆண்கள். ஜப்பானியர் 61,111 பேர். அதில் ஆண்கள் 47,508, பெண்கள் 13,603. நூற்றுக்கு 349.

இந்த இரண்டு விகிதங்களும் இரண்டு எதிர்காலங்களை எழுதின. சீனர் குடியேற்றத்தைத் தடுத்த அமெரிக்கச் சட்டம் இணைப்புக்குப் பிறகு ஹவாய்க்கும் வந்துவிட்டதால், ஊரிலிருந்து பெண்ணை வரவழைக்கும் வழி பெரும்பாலோருக்கு அடைபட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிக் கடை வைத்த சீனர்களில் பலர் ஹவாய்ப் பெண்களை மணந்தார்கள். வெள்ளைக் கடலோடிகளும் வணிகர்களும் முன்பே அப்படிச் செய்திருந்தார்கள். அமெரிக்கப் பெருநிலத்தின் பல மாநிலங்களில் கலப்புமணம் சிறைக்குரிய குற்றம். அந்தத் தடைச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒழித்தது 1967இல்தான். ஹவாயில் அப்படியொரு சட்டம் என்றுமே இருந்ததில்லை.

ஜப்பானியர் கதை வேறு திசையில் போயிற்று. 1907-08இல் அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாடு புதிய தொழிலாளர்கள் வருவதை நிறுத்தியது. ஏற்கெனவே இருந்தவர்களின் மனைவியர் வரத் தடையில்லை. விளைந்தது ‘புகைப்பட மணமகள்’ வழக்கம். மாப்பிள்ளை ஹவாயில், பெண் ஜப்பானில். இடையில் போவதும் வருவதும் போட்டோ மட்டும். ஊரிலேயே பதிவுத் திருமணம் முடிந்து, கணவனை முதன்முதலாக ஹொனலூலு துறைமுகத்தில் பார்த்த பெண்கள் ஆயிரக்கணக்கில். பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோவை அனுப்பியிருந்த மாப்பிள்ளைகளும் உண்டு. 1924 குடியேற்றச் சட்டம் இந்தக் கதவையும் மூடியது. ஆனால் அதற்குள் வேலை முடிந்திருந்தது: ஜப்பானியர் தங்களுக்குள்ளேயே குடும்பம் அமைத்துவிட்டார்கள். முதல் தலைமுறையில் கலப்புமணம் அரிது. ஹவாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ரொமான்சோ ஆடம்ஸ் 1937இல் ஹவாயின் கலப்புமணங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். யார் யாரை மணக்கிறார்கள் என்பதில் பண்பாட்டுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு ஆண்-பெண் எண்ணிக்கைக்கும் உண்டு என்பதை ஹவாய்ப் புள்ளிவிவரம் அவ்வளவு துலக்கமாகக் காட்டியது.

1920இல் ஜப்பானியர் 1,09,274 பேர், மக்கள்தொகையில் பத்தில் நான்குக்கும் மேல். இப்போது கோபுரத்தின் அடி அகன்றது. அதில் இருந்தவர்கள் அந்த மணமகள்களின் குழந்தைகள். பெற்றோருக்குக் குடியுரிமை பெறச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைகள் பிறப்பிலேயே குடிமக்கள். கோபுரத்தில் ஒரு நிலை எப்போதும் ஒரே இடத்தில் நிற்காது. வருடத்துக்கு ஒரு வயதாக மேலே ஏறும். இந்த நிலை ஏறியபோது நடந்தவை வரலாறு.

1941 டிசம்பர் 7, பேர்ல் துறைமுகத் தாக்குதல். அமெரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கரையில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். தாக்குதல் நடந்த ஹவாயிலோ அடைக்கப்பட்டவர்கள் நூற்றில் ஒருவர் இருவர் அளவில்தான். கருணையைவிடக் கணக்குதான் முக்கியக் காரணம். மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரை அடைத்தால் கரும்பு வெட்டுவது யார், கப்பல் பட்டறையில் தச்சு வேலை செய்வது யார்? சிறுபான்மையாக இருந்த இடத்தில் சிறை. பெரும் பங்காக இருந்த இடத்தில் வேலை.

அந்தப் பிள்ளைகள் வாக்களிக்கும் வயதைக் கடந்து முப்பதை எட்டிய 1954இல், பல பத்தாண்டுகளாக ஆண்ட தோட்ட முதலாளிகளின் கட்சி தேர்தலில் சட்டமன்றத்தை இழந்தது. வென்று வந்தவர்களில் 1924இல் பிறந்த டேனியல் இனோயேயும் ஒருவர். 1959 ஆகஸ்டில் ஹவாய் ஐம்பதாவது மாநிலமானபோது அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டு சீன வம்சாவளியைச் சேர்ந்த ஹைரம் ஃபாங் செனட்டரானார். 1974இல் ஜார்ஜ் அரியோஷி அமெரிக்காவின் முதல் ஆசிய வம்சாவளி ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகைப்படத்தை நம்பிக் கப்பலேறிய பெண்களின் கணக்கு, வாக்குப் பெட்டியில் வந்து முடிந்தது.

படிவம் படைத்த இனங்கள்

இனி முதல் கேள்விக்கு வருவோம். இனத்தை எப்படி எண்ணினார்கள்?

1930 வரை ஹவாய்க் கணக்கெடுப்பில் போர்த்துகீசியருக்குத் தனி வரிசை இருந்தது. ‘மற்ற வெள்ளையர்’ வேறு வரிசை. தோட்டத்தில் கூலியாக வந்த வெள்ளைத்தோல்காரனும் தோட்ட முதலாளியும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது என்பது அன்றைய உள்ளூர் மனநிலை. 1940இல் அந்தத் தனி வரிசையை எடுத்துவிட்டார்கள். போர்த்துகீசியர் தோல் நிறம் மாறவில்லை, வரிசை மாறியது. ஹவாயின் வெள்ளையர் எண்ணிக்கை பேனா முனையில் கூடியது.

அதே 1930இல் பெருநிலத்தில் எண்ணுபவருக்குக் கொடுத்த கட்டளை: வெள்ளையரும் கறுப்பரும் கலந்த ஒருவர், கறுப்பினப் பங்கு எவ்வளவு சிறியதானாலும், கறுப்பர் என்றே எழுதப்பட வேண்டும். அதே ஆண்டு ஹவாயிலோ ‘ஆசிய-ஹவாயர்’, ‘வெள்ளை-ஹவாயர்’ என்று கலப்புக்கே தனி வரிசைகள். ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு உயிரியல்களா? உயிரியல் ஒன்றுதான். தோல் நிறமும் தலைமயிரும் காட்டும் வேறுபாடுகள் மனித மரபணு வேறுபாட்டில் மிகச் சிறிய பகுதி; பெரும்பகுதி எந்த ஓர் இனத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் இருப்பதுதான். வேறுபட்டது சட்டமும் சமூகமும்.

1960 வாக்கில் இன்னொரு மாற்றம். அதுவரை வாசலில் வந்து நின்ற அலுவலர் முகத்தைப் பார்த்து இனத்தை எழுதினார். அதன் பிறகு வீட்டுக்காரரே தன் கையால் குறிக்கத் தொடங்கினார். 1997இல் அரசு விதி மாறி, அதுவரை ஆசியரோடு ஒரே பெட்டியில் கிடந்த ஹவாய்ப் பூர்வகுடிகளும் பசிபிக் தீவினரும் தனிப் பெட்டி பெற்றார்கள். அதற்காகப் போராடியவர்களில் ஹவாய் செனட்டர் டேனியல் அகாக்கா முக்கியமானவர். 2000 கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்று வந்தது.

80,337, 2,89,970 என்ற இரு எண்களின் முடிச்சு இங்கே அவிழ்கிறது. ஹவாயர் என்ற ஒரு கட்டத்தை மட்டும் குறித்தவர்கள் 80,337. ஹவாயரையும் குறித்து, கூடவே சீனர், வெள்ளையர், பிலிப்பினோ என்று வேறு கட்டங்களையும் குறித்தவர்களையும் சேர்த்தால் 2,89,970. பிலிப்பினோ என்று மட்டும் குறித்தவர்கள் 1,97,497; கலந்து குறித்தவர்களோடு 3,42,095. எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் இப்படி இரண்டு எண்கள். கலப்பினத்தவர் ஒருவரையே இரண்டு மூன்று வரிசைகளில் எண்ண நேரும் என்பதால், இந்த இரண்டாம் வகை எண்களைக் கூட்டினால் மாநில மக்கள்தொகையையே தாண்டிவிடும். இது தெரியாமல் அட்டவணையை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையாக நின்றுவிடுவதில்லை. 1921இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கென்று சுமார் 2,00,000 ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது. வருடத்துக்கு ஒரு டாலர் வாடகை, 99 வருடக் குத்தகை. யாருக்கு? இரத்தத்தில் பாதியாவது ஹவாயராக இருப்பவருக்கு. சட்டத்துக்காக உழைத்த இளவரசர் கூஹியோ முப்பத்திரண்டில் ஒரு பங்கு போதும் என்று கேட்டார். சர்க்கரை முதலாளிகள் பக்கம் வென்றது. பாதி என்று முடிவாயிற்று.

நம் தாத்தாக்கள் படித்த கீழ்வாய் இலக்க வாய்ப்பாடு இங்கே கைகொடுக்கும். அரை ஹவாயர் ஒருவர் வெளியாரை மணந்தால் பிள்ளை கால். கால் வெளியாரை மணந்தால் அரைக்கால். அடுத்து வீசம். அதற்கடுத்து அரைவீசம், கூஹியோ கேட்டது அதுதான். ஒவ்வொரு திருமணமும் பங்கைப் பாதியாக்கும் ஒரு சமூகத்தில் ‘அரை’ என்ற வரம்பு நின்றால், தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை தானாகவே சுருங்கும். குத்தகைக்காரரின் வாரிசுகளுக்குப் பின்னாளில் கால் பங்கு போதும் என்று தளர்த்தினார்கள். புதிதாக விண்ணப்பிப்பவருக்கு இன்றும் அரைதான். தன் பாட்டியின் நிலத்தில் உட்காரத் தனக்குப் போதிய பின்னம் இல்லை என்று ஒரு பேரப்பிள்ளை தெரிந்துகொள்கிற இடம் உலகில் இருக்கிறது.

இரண்டு பேரைப் பிடித்து இழுத்தால்

ஒரு மாநிலம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லப் புள்ளியியலாளர்கள் பன்மைக் குறியீடு என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். கேள்வி எளிது. திருவிழாக் கூட்டத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரைப் பிடித்தால், அவர்கள் வெவ்வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?

ஹவாய்க்குத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஹிஸ்பானிக் என்பது அமெரிக்கப் படிவத்தில் தனிக் கேள்வி. அதற்கு ஆம் என்றவர்களை முதலில் தனியே எடுத்துவிட்டால், நூறு பேரில் ஆசியர் 37, வெள்ளையர் 22, கலப்பினத்தவர் 20, பூர்வகுடி-பசிபிக் தீவினர் 10, ஹிஸ்பானிக் 9, மற்றவர் 2 என்ற அளவில் வரும். ஒவ்வொரு எண்ணையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 1369, 484, 400, 100, 81, 4. மொத்தம் 2438. இது பத்தாயிரத்தில், அதாவது இருவரும் ஒரே இனமாக இருக்கும் வாய்ப்பு 24 சதவீதம். மீதி 76 சதவீதம் வெவ்வேறு இனம். 2020க்கு அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட எண்ணும் 76தான். எல்லா மாநிலங்களிலும் உயர்ந்தது. நாடு முழுவதற்கும் 61.1.

அழகான எண். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை. சீனர்-ஹவாயர் ஒருவரும் வெள்ளையர்-பிலிப்பினோ ஒருவரும் கையில் சிக்கினால், இருவருமே ‘கலப்பு’ என்பதால் ஒரே இனம் என்று இந்தக் கணக்கு எழுதிக்கொள்ளும். ஜப்பானியரும் பிலிப்பினோவும் சிக்கினாலும் இருவரும் ‘ஆசியர்’. உண்மையான ஹவாய் அந்த 76ஐவிட இன்னும் கலந்தது. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2015இல் ஹொனலூலுப் பகுதியில் புதிதாக மணம் முடித்தவர்களில் 42 சதவீதம் பேர் வேறு இனத்தில் துணை தேடியவர்கள். நாட்டுச் சராசரி 17.

அதனால்தான் இன்றைய ஹவாயில் வயதையும் இனத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. கோபுரத்தின் மேல்நிலைகளில் ஜப்பானிய வம்சாவளி முதியவர்கள் நிறைந்திருக்கிறார்கள். அடிநிலைகளில் கலப்பினக் குழந்தைகள். இடையில், ராணுவத் தளங்களின் புண்ணியத்தில், இருபதுகளின் தொடக்கத்தில் ஆண்கள் பக்கம் இன்றும் ஒரு சிறு புடைப்பு. 223 என்றிருந்த பழைய விகிதம் இன்று ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. ஐந்தில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். அமெரிக்க மாநிலங்களிலேயே நீண்ட ஆயுள் ஹவாயில்தான். 2021இல் அங்கே ஆயுள் எதிர்பார்ப்பு 79.9 ஆண்டுகள், நாட்டுக்கு 76.4. ஆனால் வீட்டு விலை தாங்காமல் இளையவர்கள் பெருநிலத்துக்குப் போகிறார்கள். ஹவாய்க்காரர்கள் அதிகம் குடியேறிய லாஸ் வேகஸுக்கு ‘ஒன்பதாவது தீவு’ என்றே பட்டப்பெயர். ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். கடைசிக் கரும்புத் தோட்டம் 2016இல் மூடியது. அது கொண்டுவந்து சேர்த்த மக்கள் மட்டும் இருக்கிறார்கள்.

அங்கே பிறந்து வளர்ந்த பிலிப்பினோ தன்னை ஹவாயர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். அந்தச் சொல் பூர்வகுடிக்கு மட்டுமே உரியது என்பது ஊர் மரியாதை. அவர் ‘லோக்கல்’. நம்மூரில் அது கிட்டத்தட்ட வசைச்சொல், அங்கே பெருமை. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

படிவத்தின் விளையாட்டு நம்மையும் விட்டுவைக்கவில்லை. 1920, 1930, 1940 ஆகிய மூன்று அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் இந்தியர்களுக்கு ஓர் இனப்பெயர் இருந்தது: ‘இந்து’. சீக்கியரானாலும் முஸ்லிமானாலும் தமிழ்க் கிறிஸ்தவரானாலும் இனம் இந்து! 1970இல் இந்தியர்களை வெள்ளையர் வரிசையில் சேர்த்தார்கள். 1980இல் ‘ஆசிய இந்தியர்’ என்ற கட்டம் வந்தது. அறுபது ஆண்டுகளில் மூன்று இனம். ஹவாயின் கவாய் தீவில் 1970இல் ஒரு சைவ ஆதீனம் எழுந்தது. அதை நிறுவிய சிவாய சுப்பிரமுனியசுவாமி கலிபோர்னியாவில் பிறந்த அமெரிக்கர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் 1949இல் தீட்சை பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்தத் துறவி படிவத்தில் வெள்ளையர். 1930இல் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் அமெரிக்கப் பெருநிலத்தில் வாழ்ந்திருந்தால் அவர் இனத்தால் இந்து.

இன விகிதம் என்று ஒரு சதவீதம் உங்கள் முன் வந்தால், அது அமெரிக்காவானாலும் நம் ஊரானாலும், முதலில் அதற்கு மேலே அச்சாகியிருந்த கேள்வியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை கட்டங்கள் இருந்தன, யார் குறித்தார்கள், ஒன்றுக்கு மேல் குறிக்க விட்டார்களா என்று பாருங்கள். சதவீதத்தை அதற்குப் பிறகு நம்பலாம்.